எல்.ஐ.சி ஊழியர்களுக்கு யார் மேல் கோபம்? ஒரு தெரு, மூன்று வீடு, ஒரே கேள்வி

சம்பளத்தை முடிவு செய்வது கெசட். கமிஷனை மாற்றுவது விதிமுறை. வேலை உண்டா இல்லையா என்று சொல்வது நீதிமன்றம். அப்போ, எதிரில் உட்கார்ந்திருக்கும் நிர்வாகத்திடம் என்னதான் பேசுவது?

குன்றத்தூர் முருகன் கோயில் படியேறி மேலே நின்று பார்த்தால், வீடுகள் எவ்வளவு வேகமாக நெருங்கிவிட்டன என்பது தெரியும். போரூர் ஐ.டி அலுவலகத்துக்குப் போகிறவர், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர், பல்லாவரம் சாலையில் கடை வைத்திருப்பவர் என எல்லோரும் கலந்து வாழும் ஊர். இங்கே ஏதாவது ஒரு வீட்டின் பீரோவைத் திறந்தால், வீட்டுப் பத்திரத்துக்கும் நகைக்கடை ரசீதுக்கும் நடுவில் ஒரு எல்.ஐ.சி பாலிசி இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அந்த பாலிசிக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. புரிந்துகொள்ள வசதியாக, குன்றத்தூரில் ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் மூன்று வீடுகள்.

முதல் வீட்டுக்காரர் எல்.ஐ.சி-யில் நிரந்தர உதவியாளர். இரண்டாவது வீட்டில் இருப்பவர் 1980-களின் கடைசியில் அதே நிறுவனத்தில் தற்காலிகப் பணியாளராக இருந்தவர். மூன்றாவது வீட்டு அக்கா எல்.ஐ.சி முகவர். ஸ்கூட்டியில் தெருத் தெருவாகப் போய் பாலிசி பிடிப்பவர்.

மூன்று பேரும் கற்பனை. ஆனால் அவர்களைப் போன்றவர்களுக்கு நடந்தவை எல்லாம் கெசட்டிலும் தீர்ப்புகளிலும் இருப்பவை. மூன்று பேருக்கும் நிர்வாகத்தின் மேல் மனக்குறை இருக்கிறது. காரணங்கள் வேறு வேறு. ஆனால் தோண்டிப் பார்த்தால், அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்.

முதலில், எல்.ஐ.சி எவ்வளவு பெரியது?

1956-ல் ஆயுள் காப்பீட்டை மத்திய அரசு நாட்டுடைமை ஆக்கியது. 245 நிறுவனங்களையும் சங்கங்களையும் ஒன்றாக்கி, அந்த ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி எல்.ஐ.சி உருவானது. சென்னை அண்ணா சாலையில் இருக்கும் எல்.ஐ.சி கட்டடம் 1959-ல் திறக்கப்பட்டபோது நாட்டிலேயே உயரமானது. இன்றும் பஸ்ஸில் 'எல்.ஐ.சி ஸ்டாப்' என்றால் சென்னைக்காரர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இன்று சுமார் ஒரு லட்சம் ஊழியர்கள், 2,000-க்கும் மேற்பட்ட கிளைகள், ஏறத்தாழ 14 லட்சம் முகவர்கள். 2022 மே மாதம் அரசு தன் பங்கில் 3.5 சதவீதத்தை மக்களுக்கு விற்றது. ஒரு பங்கு 949 ரூபாய். மே 17-ம் தேதி சந்தையில் பட்டியலானபோது அந்த விலைக்குக் கீழேதான் தொடங்கியது. மீதி 96.5 சதவீதம் அரசிடமே இருக்கிறது.

இந்தக் கடைசி எண்ணை மறக்காதீர்கள். கதை இதைச் சுற்றித்தான் ஓடுகிறது.

முதல் வீடு: பேசி முடிக்க முடியாத சம்பளம்

வெளியிலிருந்து பார்த்தால் முதல் வீட்டுக்காரருக்கு என்ன குறை? அரசு நிறுவன வேலை. 2021 மே முதல் சனிக்கிழமையும் விடுமுறை. 'இவங்களுக்கு என்ன கஷ்டம்?' என்றுதான் பக்கத்து வீட்டில் கேட்பார்கள்.

அவருடைய மனக்குறை சம்பளத்தின் அளவைவிட, அது வரும் விதத்தில் இருக்கிறது. எல்.ஐ.சி-யில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஊதிய உயர்வு. ஆகஸ்ட் 1-ம் தேதிதான் கணக்கு. ஆனால் அந்தத் தேதிக்கும், பணம் கைக்கு வரும் தேதிக்கும் நடுவே என்ன ஆனது என்று பாருங்கள்:

- 2012 ஆகஸ்ட்டில் அமலாக வேண்டியது, அறிவிக்கப்பட்டது 2016 ஜனவரியில்.
- 2017 ஆகஸ்ட்டில் அமலாக வேண்டியது, அறிவிக்கப்பட்டது 2021 ஏப்ரலில்.
- 2022 ஆகஸ்ட்டில் அமலாக வேண்டியது, அரசு ஒப்புதல் தந்தது 2024 மார்ச்சில்.

கடைசி உயர்வு 17 சதவீதம். 1.1 லட்சம் பேருக்குப் பலன் என்று அரசு சொன்னது. 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்த சுமார் 24,000 பேருக்கு, புதிய ஓய்வூதியத் திட்டத்தில் நிறுவனம் செலுத்தும் பங்கு 10-லிருந்து 14 சதவீதமானது. நல்ல செய்திதான். அரியர்ஸும் வந்துவிடும். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் வீட்டுக் கடன் தவணையோ, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸோ காத்திருக்காதே.

எல்.ஐ.சி-க்காவது பரவாயில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உள்ளிட்ட பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் 2017 ஆகஸ்ட் கணக்கு, 2022 அக்டோபரில்தான் தீர்ந்தது. ஐந்து ஆண்டுக்கும் மேல். அதாவது அடுத்த உயர்வுக்கான தேதியே தாண்டிப்போன பிறகு, முந்தைய உயர்வு வந்தது. 2022-க்கான காத்திருப்பும் மூன்று ஆண்டுகளைத் தாண்டியது.

லாபம் ஈட்டும் ஒரு பெரிய நிறுவனம், தன் ஊழியர் சங்கத்தோடு உட்கார்ந்து பேசி, கையெழுத்துப் போட்டு, அடுத்த மாதமே சம்பளத்தை உயர்த்த முடியாதா?

முடியாது. அதற்கு ஒரு கதை இருக்கிறது.

எட்டே நாளில் வந்த சட்டம்

1974 ஜனவரி 24. எல்.ஐ.சி நிர்வாகமும் ஊழியர் சங்கங்களும் ஓர் ஒப்பந்தம் போட்டன. மூன்றாம், நான்காம் பிரிவு ஊழியர்களுக்கு ஆண்டுச் சம்பளத்தில் 15 சதவீதம் போனஸ். எழுத்தர், உதவியாளர், கடைநிலை ஊழியர் எல்லாம் இந்தப் பிரிவுகளில் வருவார்கள். இரண்டு தரப்பும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசி முடித்த விஷயம்.

அடுத்த ஆண்டு நெருக்கடி நிலை வந்தது. போனஸ் நிறுத்தப்பட்டது. ஊழியர்கள் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1976 மே 21-ம் தேதி அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு.

மே 29-ம் தேதி, அதாவது எட்டே நாளில், அந்த ஒப்பந்தத்தின் போனஸ் பகுதியைச் செல்லாததாக்கும் சட்டம் வந்துவிட்டது. அதுவும் 1975 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு.

ஊழியர்கள் விடவில்லை. உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 1978 பிப்ரவரி 21-ம் தேதி அந்தச் சட்டம் செல்லாது என்றது. மதன் மோகன் பாதக் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் சொல்லித் தரும் தீர்ப்பு அது. பிறகு நிர்வாகம் பழைய ஒப்பந்தத்தையே முடித்துக்கொள்வதாக நோட்டீஸ் கொடுத்தது. புதிய ஒப்பந்தம் வரும் வரை பழையது உயிரோடுதான் இருக்கும் என்று 1980 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஊழியர் பக்கம் நின்றது.

இரண்டு வெற்றி. ஆனால் 1981 தொடக்கத்தில் அரசு ஆட்டத்தின் விதியையே மாற்றியது. எல்.ஐ.சி சட்டத்தில் ஒரு திருத்தம். இனி பணி நிபந்தனைகளை மத்திய அரசே விதி போட்டு முடிவு செய்யலாம். தொழில் தகராறு சட்டம் என்ன சொன்னாலும் அந்த விதிதான் மேலே நிற்கும். 1982 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. முன்தேதியிட்டு போனஸைப் பறிக்க முடியாது என்று மட்டும் சொன்னது.

அன்றிலிருந்து இன்றுவரை, எல்.ஐ.சி ஊழியரின் சம்பளம் கெசட் அறிவிப்பாகத்தான் வருகிறது. சங்கம் நிர்வாகத்தோடு பேசலாம். நிர்வாகம் ஒரு சதவீதத்தைச் சொல்லலாம். ஆனால் கையெழுத்து நிதி அமைச்சகத்தில்.

இந்த இடத்தில்தான் முதல் வீட்டுக்காரரின் மனக்குறை தொடங்குகிறது. அவருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு 'சரி' என்று சொல்லும் அதிகாரம் இல்லை. 'மேலிடத்துக்கு அனுப்பியிருக்கோம்' என்று சொல்லும் அதிகாரம்தான் இருக்கிறது.

காலி நாற்காலிகள்

சம்பளத்துக்கு அடுத்து, ஆள் பற்றாக்குறை. உதவியாளர் பணிக்கு நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2019 செப்டம்பரில்தான் சுமார் 8,000 இடங்களுக்குப் பெரிய அளவில் தேர்வு அறிவிக்கப்பட்டது. ஓய்வு பெறுகிறவர்களின் இடங்கள் அதே வேகத்தில் நிரம்பவில்லை என்பது சங்கங்களின் தொடர் புகார்.

1951-ல் தொடங்கப்பட்ட அகில இந்திய இன்சூரன்ஸ் ஊழியர் சங்கம், எல்.ஐ.சி-யைவிட வயதில் மூத்தது. 1960-களில் கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று கல்கத்தா இலாக்கோ ஹவுஸ் வாசலில் காவல் இருந்தவர்கள் இவர்களுடைய உறுப்பினர்கள். 2021 மார்ச் 18-ம் தேதி பங்கு விற்பனையை எதிர்த்து எல்.ஐ.சி-யில் வேலை நிறுத்தம் நடந்தது. 2025 ஜூலை 9-ம் தேதி நாடு தழுவிய பொது வேலை நிறுத்தத்திலும் இன்சூரன்ஸ் ஊழியர்கள் கலந்துகொண்டார்கள். மூன்றாம், நான்காம் பிரிவில் ஆள் எடுங்கள், எங்கள் சங்கத்தை முறைப்படி அங்கீகரியுங்கள் என்பவை அவர்களுடைய நீண்ட நாள் கோரிக்கைகள்.

நிர்வாகத் தரப்பின் வாதமும் எளிதில் தள்ளக்கூடியது அல்ல. பிரீமியம் கட்ட இப்போது கவுன்டருக்கு வருபவர்கள் குறைவு. போனிலேயே முடிகிறது. அப்படியிருக்க, பழைய எண்ணிக்கையிலேயே எழுத்தர்களை ஏன் எடுக்க வேண்டும்?

ஆனால் பிரீமியம் கட்டுவது மட்டும் வேலை இல்லையே. கணவர் இறந்த பிறகு, நாமினி பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்று அலைகிற ஒரு பெண்ணுக்கு ஆப் உதவாது. கவுன்டரில் ஒரு மனிதர் தேவை. அந்த மனிதருக்கு அன்று எத்தனை ஃபைல் மேஜையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பெண்ணின் காத்திருப்பு அமைகிறது.

இரண்டாவது வீடு: 31 ஆண்டு காத்திருப்பு

இப்போது பக்கத்து வீடு.

1985 மே 20 முதல் 1991 மார்ச் 4 வரையிலான காலத்தில் எல்.ஐ.சி அலுவலகங்களில் ஏராளமானோர் தற்காலிகமாக, பகுதி நேரமாக, பதிலி ஆளாக வேலை செய்தார்கள். ஃபைல் கட்டுவது, தண்ணீர் வைப்பது, டைப் அடிப்பது என எல்லா வேலையும்தான். சில நாள் வேலை, சில நாள் இடைவெளி, மறுபடி வேலை.

இவர்களை நிரந்தரம் ஆக்க வேண்டுமா என்ற வழக்கு தொழில் தீர்ப்பாயத்துக்குப் போனது. 1986-ல் ஒரு தீர்ப்பு, 1988-ல் அதற்கு விளக்கமாக இன்னொன்று, 2001-ல் மறுபடியும் ஒன்று. இந்த நீண்ட வழக்கில் முக்கியமான ஒரு கட்டத்தின் பெயரிலேயே தமிழ்நாடு இருக்கிறது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட முழுநேரத் தற்காலிக எல்.ஐ.சி ஊழியர்களின் தமிழ்நாட்டுச் சங்கம்தான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

2015 மார்ச் 18-ம் தேதி தீர்ப்பு வந்தது. தொழில் தீர்ப்பாயம் சொன்னது சரி, தகுதி உள்ளவர்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த ஆண்டு மறுஆய்வில், நிலுவைச் சம்பளம் பாதியாகக் குறைக்கப்பட்டது. ஆனால் வேலை உண்டு என்ற நம்பிக்கை அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு 'யார் தகுதி உள்ளவர்?' என்ற கேள்வி வந்தது. 11,000-க்கும் மேற்பட்டவர்களின் கோரிக்கைகள். முப்பது ஆண்டுக்கு முந்தைய வருகைப் பதிவேடுகளை வைத்து நிரூபிக்க வேண்டும். யாரிடம் இருக்கும் அது?

2022 ஏப்ரல் 27-ம் தேதி உச்ச நீதிமன்றம் இறுதியாக ஒரு கோடு போட்டது. எல்.ஐ.சி ஒரு பொது நிறுவனம். எல்லோருக்கும் பொதுவான தேர்வு நடத்தாமல் 11,000 பேரை மொத்தமாக உள்ளே எடுக்கச் சொல்ல முடியாது. எனவே புதிதாகச் சரிபார்ப்பு நடத்துங்கள். நான்காம் பிரிவில் மூன்று ஆண்டில் குறைந்தது 70 நாள், மூன்றாம் பிரிவில் இரண்டு ஆண்டில் குறைந்தது 85 நாள் வேலை செய்திருந்தால் தகுதி. தகுதி உள்ளவர்களுக்கு வேலைக்குப் பதிலாக இழப்பீடு. சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 50,000 ரூபாய்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1988-ல் 22 வயதில் உள்ளே போனவர் என்று வைத்துக்கொள்வோம். 2022-ல் அவருக்கு 56 வயது. மூன்று ஆண்டு வேலை செய்திருந்தால் 1.5 லட்சம் ரூபாய். ஒரு வாழ்நாள் வேலை இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு காசோலை.

தீர்ப்பில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தேர்வு எழுதக் காத்திருக்கும் இளைஞர்களின் உரிமையும் அதில் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஆள் தேவைப்பட்டபோது முறைப்படி தேர்வு வைத்திருக்க வேண்டியது யார்? அதைச் செய்யாததன் விலையைக் கொடுத்தது யார்?

மூன்றாவது வீடு: ஊழியர் இல்லாத ஊழியர்

மூன்றாவது வீட்டு அக்காவின் விசிட்டிங் கார்டில் எல்.ஐ.சி சின்னம் இருக்கும். தெருவில் எல்லோரும் அவரை 'எல்.ஐ.சி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எல்.ஐ.சி-யின் தனிநபர் புதிய வணிகத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் வருவது இவரைப் போன்ற முகவர்கள் மூலம்தான்.

ஆனால் இவர் எல்.ஐ.சி ஊழியர் இல்லை. மாதச் சம்பளம் இல்லை, பி.எஃப் இல்லை, ஓய்வூதியம் இல்லை. பாலிசி பிடித்தால் கமிஷன். பாலிசிதாரர் தொடர்ந்து கட்டினால் ஆண்டுதோறும் புதுப்பிப்பு கமிஷன். அவ்வளவுதான்.

2024 அக்டோபர் 1-ம் தேதி இந்தக் கணக்கு மாறியது. காரணம், பாலிசிதாரர்களுக்கு நன்மை செய்யும் ஒரு விதி.

முன்பு பாலிசியை இரண்டு ஆண்டுக்குள் நிறுத்தினால் கட்டிய பணம் போனதுதான். புதிய விதிப்படி, ஓர் ஆண்டு பிரீமியம் கட்டியிருந்தாலே, பாலிசியை ஒப்படைக்கும்போது ஒரு தொகை கிடைக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ கொண்டுவந்த மாற்றம் இது.

நமக்கு நல்லது. நிறுவனத்துக்குச் செலவு. முதல் ஆண்டிலேயே முகவருக்கு அதிகக் கமிஷன் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டே பாலிசிதாரருக்கும் பணம் திருப்பித் தர வேண்டும் என்றால் அந்தச் சுமையை யாராவது ஏற்க வேண்டும். எல்.ஐ.சி செய்த மாற்றங்கள் பற்றி அப்போது வெளியான செய்திகள் இவை:

- முதல் ஆண்டு கமிஷன் 35-லிருந்து 28 சதவீதமாகக் குறைந்தது.
- புதுப்பிப்பு கமிஷன் 5-லிருந்து 7.5 சதவீதமாக உயர்ந்தது.
- பல திட்டங்களில் குறைந்தபட்சக் காப்பீட்டுத் தொகை 1 லட்சத்திலிருந்து 2 லட்சமானது.
- புதிய எண்டோவ்மென்ட் திட்டத்தில் சேரும் அதிகபட்ச வயது 55-லிருந்து 50 ஆனது.

எளிதாக ஒரு கணக்கு. திட்டத்துக்குத் திட்டம் விகிதம் மாறும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுப் பிரீமியம் 20,000 ரூபாய் என்றால், முன்பு முதல் ஆண்டில் 7,000 ரூபாய். இப்போது 5,600. உடனடி இழப்பு 1,400. புதுப்பிப்பில் ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதல். பாலிசி நான்கு ஆண்டு தாண்டி ஓடினால் அக்காவுக்கு நஷ்டமில்லை, போகப் போக லாபமும் உண்டு.

அப்புறம் ஏன் போராட்டம்? இரண்டு காரணம்.

ஒன்று, பாலிசி ஓட வேண்டுமே. பிரீமியம் கணக்கில் பார்த்தால், எடுத்த பாலிசிகளில் ஐந்து ஆண்டு கழித்தும் ஓடுபவை ஏறத்தாழ 60 சதவீதம்தான். நாளைக்கு வரும் 500 ரூபாயை நம்பி இன்றைக்குப் பெட்ரோல் போட முடியாது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். அக்காவின் வாடிக்கையாளர்கள் யார்? இடியாப்பம் விற்பவர், கொத்தனார், ஆட்டோ ஓட்டுநர், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். 1 லட்சம் பாலிசிக்கு மாதம் சில நூறு ரூபாய் ஒதுக்க முடிந்தவர்களுக்கு, 2 லட்சம் என்றால் கிட்டத்தட்ட இரு மடங்கு. கமிஷன் குறைந்தது அக்காவின் வருமானத்தை மட்டும் தொட்டது. குறைந்தபட்சத் தொகை ஏறியது அவர் தட்டக்கூடிய கதவுகளின் எண்ணிக்கையையே குறைத்தது.

முகவர் சங்கங்கள் பல இடங்களில் கிளை அலுவலகங்கள் முன் போராட்டம் நடத்தின. பழைய கமிஷன் வேண்டும், 1 லட்சம் பாலிசி மறுபடி வேண்டும், பாலிசி நின்றால் கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிக்கும் யோசனையைக் கைவிட வேண்டும் என்பவை கோரிக்கைகள்.

பந்து யார் பக்கம்?

முகவர் போய் நிர்வாகத்திடம் கேட்டால், 'ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி மாறிவிட்டது, நாங்கள் என்ன செய்ய?' என்பதுதான் பதிலாக இருக்கும். ஆனால் ஆணையம் 'கமிஷனைக் குறையுங்கள்' என்று சொல்லவில்லை. 2023 ஏப்ரல் முதல், எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு கமிஷன் என்பதை, மொத்தச் செலவு வரம்புக்குள் நிறுவனங்களின் இயக்குநர் குழுவே முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டது.

அதாவது இங்கே நிர்வாகத்துக்கு அதிகாரம் இருந்தது. பாலிசிதாரருக்குத் தரும் கூடுதல் பணத்தை யார் தலையில் வைப்பது என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரம். நிறுவனத்தின் லாபத்திலா, புதிய பாலிசியின் பிரீமியத்திலா, முகவரின் கமிஷனிலா? பெரும்பகுதி கமிஷனுக்கும் சிறிய பாலிசிக்கும் போனது.

இன்னொரு விஷயம். 1981-ல் எல்.ஐ.சி சட்டத்தில் சேர்த்த அந்தப் பிரிவை மறுபடி எடுத்துப் படித்தால், அதில் 'ஊழியர்கள்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே 'முகவர்கள்' என்ற சொல்லும் இருக்கிறது. பணி நிபந்தனைகளை விதிப்பதில் இருவரும் ஒரே வரியில். பணிக்கொடை, ஓய்வூதியம், பேச்சுவார்த்தை என்று வரும்போது மட்டும் வேறு வேறு.

2023 செப்டம்பரில் முகவர்களின் பணிக்கொடை வரம்பு 3 லட்சத்திலிருந்து 5 லட்சமானது. அறிவித்தது நிதி அமைச்சகம். நல்ல காரியம் என்றாலும் கெட்ட காரியம் என்றாலும், சம்பந்தப்பட்டவர் இல்லாத அறையில்தான் முடிவாகிறது.

மூன்று வீட்டையும் இணைக்கும் கேள்வி இதுதான்: முடிவெடுப்பவர் யாரோ, அவர் முன்னால் உட்கார்ந்து பேச நமக்கு ஒரு நாற்காலி இருக்கிறதா?

நிரந்தர ஊழியருக்கு ஒரு காலத்தில் அந்த நாற்காலி இருந்தது. 1981-ல் போய்விட்டது. ஆனாலும் சங்கம், தாமதமாகவாவது வரும் உயர்வு, அரியர்ஸ் எல்லாம் இருக்கிறது. தற்காலிகப் பணியாளருக்கு நீதிமன்றத்தில் மட்டும் நாற்காலி கிடைத்தது, 31 ஆண்டு. முகவருக்குக் கிளை அலுவலக வாசல்தான்.

நிர்வாகத்தின் இடத்தில் இருந்து பார்த்தால்?

ஒரு கிளை மேலாளரையும் இந்தத் தெருவில் குடி வைப்போம். அவருக்கு மேலே இலக்கு. மார்ச் மாதம் வந்தால் தூக்கம் இருக்காது. கீழே ஆள் குறைவு. அவருக்கும் முகவர்களுக்கும் நடுவில் இருக்கும் வளர்ச்சி அதிகாரிக்கோ இன்னொரு கத்தி: தனக்காக நிறுவனம் செய்யும் செலவு, தன் குழு கொண்டுவரும் பிரீமியத்தில் குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஊதிய உயர்வுக்கே ஆபத்து.

தலைமை நிர்வாகத்துக்கு வேறு நெருக்கடி. 2022-க்கு முன் ஒரே ஒரு முதலாளி, அரசு. இப்போது பங்குச் சந்தையும் ஒவ்வொரு காலாண்டும் லாபம் எவ்வளவு என்று கேட்கிறது. தனியார் நிறுவனங்களோடு போட்டி வேறு. 2025 டிசம்பரில் காப்பீட்டுத் துறையில் 100 சதவீத அந்நிய முதலீட்டுக்கு வழிவிடும் மசோதாவும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2 லட்சத்துக்குக் கீழான பாலிசிகளைப் பராமரிக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை என்று ஒரு கணக்கர் சொன்னால், அது தப்பு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் எல்.ஐ.சி-யை உருவாக்கியபோது சொன்ன காரணமே, கணக்கருக்குக் கட்டுப்படியாகாத வீட்டுக்கும் காப்பீடு போக வேண்டும் என்பதுதானே.

நமக்கு இதில் என்ன?

நிறையவே இருக்கிறது. முதலில், பாலிசிதாரராக:

- உங்கள் முகவர் வேலையை விட்டாலும் பாலிசி ரத்தாகாது. ஆனால் நினைவூட்ட ஆள் இருக்காது. அம்மா அப்பா பெயரில் இருக்கும் பாலிசிகளின் எண், கிளை, தவணை தேதி, நாமினி பெயர் நான்கையும் இன்றே குறித்து வையுங்கள்.
- புதிய பாலிசி எடுத்தால், பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பித் தரலாம்.
- 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி கிடையாது. உங்கள் ரசீதைச் சரிபாருங்கள்.
- ஓர் ஆண்டிலேயே பணம் திரும்பக் கிடைக்கும் என்பதற்காக அவசரப்பட்டு ஒப்படைக்க வேண்டாம். கட்டியது முழுவதும் வராது.

அடுத்து, நீங்களும் ஒரு வேலைக்காரர் என்ற முறையில். போரூரிலோ ஒரகடத்திலோ வேலை பார்ப்பவருக்கு இந்த மூன்று வீடும் புதிதாகத் தெரியாது. ஆன்-ரோல், கான்ட்ராக்ட், 'பார்ட்னர்' என்று பெயர்தான் வேறு. ஒரே கட்டடம், ஒரே லோகோ, மூன்று விதமான காகிதம். உங்கள் கையில் எந்தக் காகிதம் இருக்கிறது, அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் படிப்பது நல்லது.

அடுத்து என்ன?

எல்.ஐ.சி-யில் அடுத்த ஊதிய உயர்வுக்கான தேதி 2027 ஆகஸ்ட் 1. கடந்த முறை 1 ஆண்டு 7 மாதத்தில் வந்தது. அதற்கு முன் 3 ஆண்டு 8 மாதம். இந்த முறை எத்தனை மாதம் என்பதை முதல் வீட்டுக்காரர் காலண்டரில் எண்ணத் தொடங்கிவிடுவார்.

இரண்டாவது வீட்டுக்காரருக்கு எண்ண எதுவும் இல்லை. 2022-ல் அவருடைய கணக்கு முடிந்துவிட்டது.

மூன்றாவது வீட்டு அக்கா நாளைக் காலையும் ஸ்கூட்டியை எடுப்பார். முன்பு 1 லட்சம் பாலிசி கேட்டு, 'அடுத்த மாசம் போடறேன்க்கா' என்று சொல்லியிருந்த இடியாப்பக்காரம்மா வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் அன்று கேட்ட அதே பாலிசி இப்போது அக்காவின் பையில் இல்லை.